பொய்யிறாலும் மெய்யிறாலும்

இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது என்பது தமிழ் வழக்கு. சிறிதை இழந்து பெரிதைக் கவர எண்ணுவோரைச் சுட்டுதற்கு இவ்வழக்கு எடுத்தாளப்படுகின்றது. ஆயினும், இதனை முதன்முதற் சொன்னவர்கள் கடலை அறிந்த மக்களாகவே இருத்தல் வேண்டும். ஆழமற்ற கடலிலே திரியும் மீன்களுட் பல இறாலைக் கண்டால் விடமாட்டா. பாரையும் கொடுவாயும் விளைமீனும் அதனைத் தேடித் திரிவன. தூண்டிலில் இறாலைக் கோக்கும் பழக்கம் இதனாலேயே தோன்றியது.

இன்று எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், அப்பழக்கத்தை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு சென்ற ஒரு கைவினையாகும். உயிருள்ள இறாலுக்குப் பதிலாக, இறகும் மயிரும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளின்மேல் ஓர் இறாலைக் கட்டுதலும், அதனை முழங்காலளவு நீரில் நின்று வீசி மீனை ஏமாற்றுதலுமே அக்கலை. பஹாமாசு, புளோரிடா, சீசெல்சு முதலிய இடங்களின் ஆழமற்ற கடல்களில் இது பெரிதும் போற்றப்படுகின்றது. யாழ்ப்பாணத்து மீன்பிடித் தொழிலில் இதற்கு இடமில்லை. ஆயினும், இக்கலை நிகழ்தற்கு வேண்டிய கடல் மானிப்பாயின் வாயிற்படிக்கு அண்மையிலேயே கிடக்கின்றது. இக்கலை கற்பிக்கும் பாடமும் மானிப்பாய்க்குப் பெரிதும் வேண்டுவதாகும்.

முதலிற் பெயரைப் பற்றிச் சில சொல்லுதல் நன்று. ஆங்கிலேயர் இவ்வகைப் பொய்யிரையை 'ஈ' என்று பொருள்படும் சொல்லாலேயே வழங்குகின்றனர். காரணம் பழையது. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோம ஆசிரியர், மக்கெதோனிய நாட்டு ஆறொன்றிலே மக்கள் தூண்டில் முள்ளிற் செங்கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கின்றார். ஆற்று நீரின்மேற் பறக்கும் ஈயைப் போல அஃது அமைந்திருந்தது. பிற்காலத்தே இக்கலை கடலுக்கு வந்தபோது, ஈயின் இடத்தை இறாலும் நண்டும் சிறுமீனும் பிடித்துக்கொண்டன. பெயர் மாத்திரம் மாறவில்லை. இதனைத் தமிழில் 'இறால் ஈ' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கேட்போர் மனத்தில் இரண்டு பிராணிகள் தோன்றுமேயன்றிப் பொருள் தோன்றாது.

சொல்லுக்குச் சொல் வைப்பதைவிடப் பொருளுக்குச் சொல் காண்பதே தக்கது என்பதற்கு மானிப்பாயிலேயே உயர்ந்த சான்று உண்டு. 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயைத் தம் பணிக்கு நிலையமாகக் கொண்டார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவர் தமிழிலேயே கற்றல் வேண்டும் என்று துணிந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் ஆக்குவித்தும் கலைச்சொற்களைத் தொகுத்தார். 1873இல் அவர் நாடு திரும்பும்வரை அப்பணி நடந்தது. ஊராருக்கு விளங்காத அறிவு ஊரில் வேர்கொள்ளாது என்பதே அவர் காட்டிய நெறி. அந்நெறியைப் பின்பற்றி, இங்கே இதனைப் 'பொய்யிறால்' என்று வழங்கலாம். பொய் என்ற சொல் இதற்கு இழுக்கன்று. மெய்யை நன்கு அறிந்தவனாலன்றி இப்பொய்யைச் செய்ய முடியாது.

இனி, இடத்தை நோக்குவோம். மானிப்பாய் கடற்கரை ஊரன்று. வயலும் தோட்டமும் பனையும் சூழ்ந்த ஊர். ஆனால் தென்மேற்கே நவாலியைக் கடந்தாற் கல்லுண்டாய் வெளி; தெற்கே ஆனைக்கோட்டையைக் கடந்தாற் காக்கைதீவு. அங்கே பரவைக்கடல் விரிகின்றது. நானூறு சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய யாழ்ப்பாணக் கடனீரேரியின் ஒரு பகுதி அது. பெரும்பாலும் ஓராள் உயரத்துக்கு மேற்படாத நீர்; பல இடங்களில் முழங்காலளவே. இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்குக் குறைவு. ஆயினும், இத்துணை ஆழமற்ற கடலில் ஒரு சாண் நீர் ஏறினாலும் இறங்கினாலும் பெருவெளி நனையும் அல்லது காயும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், வலிகாமத்தின் நடுவே ஓடிவரும் வழுக்கியாறு அராலிப் பக்கமாகத் தன் நன்னீரை இக்கடலிற் கலக்கின்றது. அந்நீரோடு மண்ணின் வளமும் வந்து சேருகின்றது.

இவ்வாழமற்ற நீரின் அடியிலே கடற்புல் படர்ந்திருக்கின்றது. ஓரங்களிற் சில இடங்களிற் கண்டல் மரங்கள் நிற்கின்றன. கரையில் நின்று பார்ப்பவனுக்கு இது சேறும் நாற்றமும் பயனில்லாத வெளியுமாகத் தோன்றலாம். ஆனால், இறாலினத்துக்கு இதுவே தொட்டில். வெள்ளிறால் முதலிய இறால்கள் திறந்த கடலிலே முட்டையிடுகின்றன. ஒரு தாயிறால் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். ஒரு நாளுக்குள்ளாகவே முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் வெளிவரும். அது பலமுறை தோலுரித்து, உருமாறி உருமாறி, இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, இறுதியிற் கரையோரத்து ஆழமற்ற நீரை அடைகின்றது. அங்கே கடற்புல்லின் இடையிலும் கண்டல் வேர்களின் நிழலிலும் சில மாதங்கள் வளர்ந்து, பருவம் எய்தியதும் மீண்டும் ஆழ்கடலுக்குச் செல்கின்றது. வாழ்நாள் ஒன்று அல்லது இரண்டு ஆண்டே. அச்சிறு வாழ்நாளின் இளமைப்பருவம் முழுவதும் கரையோரத்து மனிதரின் கண்ணெதிரே கழிகின்றது.

பொய்யிறால் கட்டுபவன் இவ்விளம் இறாலையே பார்த்தல் வேண்டும். அவன் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. இதன் நிறம் யாது? நடை யாது? இருப்பிடம் யாது? வெளிவரும் நேரம் யாது? இந்நான்குக்கும் விடை தெரியாதவன் எத்துணை அழகிய இறகு கொண்டு கட்டினாலும் மீன் திரும்பியும் பாராது.

நிறத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிப்பிள்ளையொருவனிடம் இறாலின் படத்தைக் கொடுத்து நிறந்தீட்டச் சொன்னால், அவன் செந்நிறத்தையே எடுப்பான். அவன் கண்டது கறிச்சட்டியில் வெந்த இறால். உயிருள்ள இளம் இறால் பளிங்கு போன்றது. அதனூடே அடிமணலும் புல்லும் தெரியும். செந்நிறம் அதன் உடலில் இல்லாததன்று. அந்நிறப்பொருள் ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்து கிடக்கின்றது. கொதிநீரின் வெப்பத்தாற் புரதம் சிதையவே, பிணைப்பு நீங்கிச் செந்நிறம் வெளிப்படுகின்றது. ஆகவே சமையலறை இறாலைப் பார்த்துக் கட்டப்பட்ட சிவந்த பொய்யிறால், கடலிலே இல்லாத ஒன்றன் உருவமாகும். மணல் வெளிக்கு வெளிறிய மண்ணிறமும், புல்வெளிக்குச் சற்றே பச்சை கலந்த நிறமும் பொருந்தும். இருக்கும் இடத்தின் நிறத்தைத் தானும் பூணுதல் இறாலின் இயல்பு.

அடுத்தது நடை. இறாலுக்கு நடக்குங் கால்கள் ஐந்து சோடி. நீந்துதற்கு வயிற்றின் கீழே வேறு ஐந்து சோடி உறுப்புக்கள் உண்டு. அச்சமில்லாதபோது அது தலைமுன்னாக மெல்ல நடக்கும். அல்லது மெல்ல நீந்தும். பகைவன் நெருங்கினாலோ, வயிற்றை மடக்கி வாலை விசிறிபோல் அடித்து, சடுதியிற் பின்னோக்கிப் பாயும். ஒரு பாய்ச்சல், ஓர் ஓய்வு. மறுபடியும் ஒரு பாய்ச்சல். கண்கள் பகைவனை நோக்கியபடியே இருக்க, உடல் மாத்திரம் விலகிச் செல்லும். இந்த ஓர் உண்மையே பொய்யிறாலின் அமைப்பை முழுவதும் தீர்மானிக்கின்றது. தூண்டில் நூலை இழுப்பவன் பொய்யிறாலைத் தன் பக்கமாக இழுக்கின்றான். அஃது ஓடும் இறாலாகத் தோன்றவேண்டுமாயின், நூல் கோக்கும் வளையத்தின் பக்கம் வாலும், முள்ளின் வளைவுப் பக்கம் தலையும் அமைதல் வேண்டும். இதை அறியாது தலையை முன்னே வைத்துக் கட்டினால், பகைவனைக் கண்டு தலைமுன்னாகப் பாயும் விந்தை இறாலொன்று பிறக்கும்.

இருப்பிடமும் நேரமும் எஞ்சி நிற்கின்றன. இறால் வகைகளுட் பல பகலில் மணலுள்ளும் புல்லடியிலும் மறைந்து, இரவிலே வெளிவருவன. பகலில் வெளிப்படுவது பெரும்பாலும் ஏதேனும் ஒன்றால் கிளப்பப்பட்ட இறாலே. திருக்கை அடிமணலைக் கிளறிச் செல்லும்போது, அதன் பின்னே சில மீன்கள் தொடர்ந்து செல்வதைக் கடலில் நடப்போர் கண்டிருப்பர். கிளம்பும் இறாலையும் நண்டையும் அவை காத்திருந்து கவ்வுகின்றன. ஆதலின், பொய்யிறால் நீரின் நடுவே மிதந்து திரியக் கூடாது. அடியிற் படிந்து, புழுதிபோல் மணலை எழுப்பி, சட்டெனத் துள்ளி, மீண்டும் அடியை நாடுதல் வேண்டும்.

இவ்வளவையும் உளங்கொண்டபின் கட்டும் முறை எளிதில் விளங்கும். உப்புநீரிற் துருவேறாத உருக்கினாலான சிறு தூண்டில் முள்ளொன்றைப் பிடிகருவியில் இறுக்கி, அதன் தண்டின்மேல் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றுவர். நூல் கோக்கும் வளையத்தை அடுத்து, முள்முனை நோக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலே, சங்கிலிமணி இரண்டைக் குறுக்காக வைத்துக் கட்டுவர். அம்மணிகளின் பாரத்தால் தூண்டில் நீரிலே கவிழ்ந்து, முள்முனை மேனோக்கி நிற்கும். முனை கீழ்நோக்கினால் ஒவ்வோர் இழுப்பிலும் கடற்புல்லையே கொய்யவேண்டி வரும்.

பின்னர் வளைவுப் பக்கத்திலே தலையை அமைப்பர். மீனவர் தங்கூசி என்று வழங்கும் நைலோன் இழையிற் சிறு துண்டொன்றை எடுத்து, அதன் நுனியைத் தீச்சுடரிற் காட்டினால், அஃது உருகித் திரண்டு கறுத்த மணியாகும். அத்தகைய துண்டுகள் இரண்டை இருபுறமும் கட்டினால், காம்பின் மேல் நிற்கும் இறாற்கண் அப்படியே அமைந்துவிடும். கண்களுக்கு அப்பால் நீண்ட மயிர் இரண்டு மீசையாகவும், குறுமயிர்க் கற்றையொன்று வாயருகேயுள்ள உறுப்புக்களாகவும் நிற்கும். வெளிறிய கம்பளி நூலாலோ வேறு நாராலோ உடலைச் சுற்றி, அதன்மேற் சேவலின் கழுத்திறகு ஒன்றைச் சுருளாகச் சுற்றினால், அதன் தூவிகள் சிலிர்த்துக் கால்களாகும். முள்முனையின் பக்கமாக ஆட்டுமயிர் சிலவற்றைப் படியக் கட்டுவர். அவை முள்ளையும் மறைக்கும், நீரில் அசையவும் செய்யும். இறுதியாக வளையத்தருகே நூலை முடிந்து, முடிச்சின் மேல் ஒரு துளி வாணிசு இடுவதோடு வேலை முற்றும். நீளம் ஓரங்குலத்திலிருந்து இரண்டங்குலம் போதும்.

இதிலே வேண்டப்படும் பொருள்களைப் பார்த்தால், சேவலும் ஆடும் வளர்க்கும் எந்த வீட்டிலும் பாதி கிடைக்கும். கிடைத்தற்கரியது பொருளன்று, அடக்கமே. புதிதாகக் கட்டுபவன் இறகையும் மயிரையும் அள்ளி வைப்பான். பொய்யிறால் பருத்து, நீரில் அமிழாது, பஞ்சுபோல் மிதக்கும். உயிருள்ள இறாலில் ஒளி ஊடுருவும் என்பதை அறிந்தவன் குறைவாகவே கட்டுவான். மீன் எண்ணிப் பார்ப்பது கால்களின் தொகையை அன்று. கண்ணும் அசைவும் ஓட்டமும் இருந்தால் அதற்குப் போதும்.

வீசும் முறையும் தனிப்பட்டது. பொய்யிறாலுக்கு எடை மிகக் குறைவு. கல்லும் ஈயமும் கட்டிய தூண்டில் போல அதனை எறிய முடியாது. ஆகவே பாரமான தடித்த கயிறொன்றை நீண்ட கோலினால் முன்னும் பின்னும் விசிறி, அக்கயிற்றின் வேகத்தாற் பொய்யிறாலைக் கொண்டு செல்வர். தடித்த கயிற்றைக் கண்டு மீன் வெருளாதிருக்க, அதன் நுனியில் ஒன்பது முதற் பன்னிரண்டு அடி வரையுள்ள தெளிந்த நைலோன் இழையொன்று இணைக்கப்படும். சூரியனைப் பின்னே கொண்டு, நீர்ப்பரப்பின் மினுக்கத்தை அடக்கும் கண்ணாடி அணிந்து, முதலிலே மீனைக் காணுதல் வேண்டும். கண்டபின் அதன் தலைமேல் எறியலாகாது. அது செல்லும் திசையை அறிந்து, சில முழம் முன்னே விழச் செய்து, அடியிற் படியவிட்டு, மீன் நெருங்கும்போது ஒரு சாண் அளவுக்கு விட்டுவிட்டு இழுத்தல் வேண்டும். மீன் கவ்வியதும் கோலை மேலே தூக்குதல் பிழை. பொய்யிறால் அதன் வாயிலிருந்து விலகிவிடும். கோலைத் தாழ்த்தியபடியே கயிற்றைக் கையால் நேராக இழுத்து முள்ளைப் பதித்தலே முறை.

நடையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் ஓசை எழும். அத்துடன் மணலிற் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதிக்கவும் நேரும். அடியைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை முன்னரே அறிந்து விலகிச் செல்லும். இதனைப் பிறநாட்டு நூலைப் பார்த்துக் கற்கவேண்டியதில்லை. பரவைக்கடலில் இறங்கித் தொழில் செய்வோர்க்கு இது கைவந்த பாடம்.

இவ்விடத்திலே ஒரு செய்தி நினைத்தற்குரியது. 1977ஆம் ஆண்டிலே பொப் நோஹைம் என்ற அமெரிக்கர், பஹாமாசு நாட்டின் அந்திரோசுத் தீவில், எலும்புமீன் என்று பெயர்பெற்ற மீனுக்காகப் புதிய பொய்யிரையொன்றைக் கட்டினார். சங்கிலிமணிக் கண்ணும் மேனோக்கிய முள்ளும் உடைய அது, இன்று இக்கலையில் உலகெங்கும் அறியப்பட்டது. அது வழங்கும் பெயரோ கட்டியவரின் பெயரன்று. அவருக்கு அக்கடலைக் காட்டிய உள்ளூர் வழிகாட்டி சார்லி சிமித்தின் பெயரே அதற்கு நிலைத்தது. முதலிலே சிறுமீனின் சாயலாகக் கருதப்பட்ட அதனை, இறாலின் சாயலாகவே பிற்காலத்தோர் பெரிதும் கொண்டனர். இறகும் முள்ளும் எங்கிருந்தும் வரலாம். எந்தத் திட்டில் எந்தப் பெருக்கில் மீன் ஏறும் என்ற அறிவோ அவ்வூராரிடமிருந்தே வரவேண்டும். அந்திரோசில் அவ்வறிவுக்கு ஒரு பெயர் கிடைத்தது.

யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் அத்தகைய அறிவு இல்லையா? நிறைய உண்டு. களங்கண்டி வலையை நோக்குக. நிரையாகத் தடிகளை நாட்டி வலையைச் சிறகுபோல் விரித்து, வற்றும் நீரோடு திரும்பும் மீனையும் இறாலையும் உள்ளறைக்கு வழிப்படுத்துவது அதன் அமைப்பு. நீரோட்டத்தின் திசையும், நிலவின் பிறையும், இறால் இரவிலே புறப்படும் இயல்பும் அறியாதவனால் அதனை ஒரு நாளும் சரியாக நாட்ட முடியாது. இறாலின் உருவிலே செய்த தூண்டிலைக் கொண்டு கணவாய் பிடிக்கும் முறையும் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் புதிதன்று. சப்பானியர் மரத்தாற் செதுக்கிய இறாலைக் கொண்டு கணவாய் பிடிப்பதைத் தனிக்கலையாகவே வளர்த்துள்ளனர். அவர்கள் அதற்கு எகி என்று பெயரிட்டிருக்கின்றனர். மெய்யிறாலை உற்றுநோக்கிய மக்கள் எங்கெங்கு வாழ்ந்தனரோ, அங்கெல்லாம் பொய்யிறால் ஏதேனும் ஓர் உருவிற் பிறந்திருக்கின்றது.

ஆனால் உற்றுநோக்குதற்கு இரண்டு வேண்டும்: நோக்கும் கண், நோக்கப்படும் பொருள். இரண்டுக்கும் இன்று குறை நேர்ந்துள்ளது. போர்க்காலத்தில் இக்கடலின் பல பகுதிகளிலே தொழில் செய்தல் தடைப்பட்டும் சுருங்கியும் கிடந்தது. 2009இல் போர் முடிந்தபின் கடல் மீண்டும் திறந்தது. திறந்த கடலில் எல்லாம் நலமாக இல்லை. சட்டம் தடுத்த தங்கூசி வலையும், குஞ்சிறாலையும் தப்பவிடாத சிறுகண் வலையும் இன்னும் நீருள் இறங்குகின்றன. அறுந்த தங்கூசி மக்குவதில்லை. யாருக்கும் பயன்படாமல் அடியிற் கிடந்து உயிர்களைக் கொன்றுகொண்டேயிருக்கும். கல்லுண்டாய் வெளியிலும் காக்கைதீவுப் பக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் நகரத்துக் குப்பை கொட்டப்பட்டு வந்தது. பயனற்ற வெளி என்று எண்ணியே மனிதர் அதனைச் செய்தனர். அவ்வெளியின் ஓரத்து நீரிலேதான் இறாலினத்தின் தொட்டில் ஆடுகின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆழ்கடலிலே அடியை வாரிச் செல்லும் இழுவைமடியை இலங்கை 2017இற் சட்டத்தினாலே தடைசெய்தது. அது வேண்டிய சட்டமே. ஆயினும், ஆழ்கடலில் தாயிறாலைக் காத்துவிட்டு, கரையிலே குஞ்சின் தொட்டிலைக் கெடுப்பது, பாதிக் கிணறு தாண்டிய கதையாகும். கடற்புல் அழிந்த இடத்தில் இறால் தங்காது; இறால் தங்காத இடத்திற்குக் கொடுவாயும் பாரையும் வாரா. மீன் வாராத கடலில் களங்கண்டியும் வெறுந்தடி, பொய்யிறாலும் வெறும் இறகு. ஒடியற்கூழிலே மிதக்கும் இறாலுக்கும் இதுவே நியதி.

நோக்கும் கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மானிப்பாயிலும் சுற்றுப்புறத்திலும் பிள்ளைகள் விலங்கியற் பாடத்திலே ஐந்து சோடிக் கால்களை மனனம் செய்கின்றனர். பரீட்சையிலும் தவறாது எழுதுகின்றனர். மூன்று நான்கு கிலோமீற்றர் தொலைவிலே அக்கால்கள் நடக்கும் நீரில் அவர்கள் இறங்கியதில்லை. காக்கைதீவில் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை அதனை அறிவான். ஆனால் அவன் அறிந்தது பாடம் என்று எவரும் அவனுக்குச் சொல்வதில்லை. ஒருவனிடம் சொல் இருக்கின்றது, மற்றவனிடம் பொருள் இருக்கின்றது. இருவரையும் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் இருத்தி, உயிருள்ள இறாலொன்றை அதனுள் விட்டு, அதன் பக்கத்தில் ஒரு விரலை நீட்டினால் நிகழ்வது யாது என்று பார்க்கச் செய்தல் பெருஞ்செலவான காரியமன்று. அது பின்னோக்கிப் பாயும். அந்தக் கணத்திலே இரு பிள்ளைகளும் ஒரே பாடத்தைக் கற்பர்.

அதன்பின் அவர்கள் சேவலிறகும் நூலும் கொண்டு ஒரு பொய்யிறாலைக் கட்டிப் பார்க்கட்டும். கூரிய முள் வேண்டியதில்லை. வளைந்த கம்பித் துண்டே போதும். மீன் பிடிப்பது நோக்கமன்று. கட்டும்போது கேள்விகள் தாமாகவே எழும். கண் எங்கே வைப்பது? எந்த நிறம் தெரிவது? ஏன் தலை பின்பக்கம்? ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையை மீண்டும் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து கடலுக்கும் அனுப்பும். ஒன்றை வரைய முயல்பவன் அதனைப் பார்த்தவனைவிட நன்கு அறிவான்; அதனை ஒப்பச் செய்ய முயல்பவன் வரைந்தவனைவிட நன்கு அறிவான்.

திருவள்ளுவர் சூதினைக் கடிந்த அதிகாரத்தின் முதற் குறளிலே, மீன் விழுங்கும் தூண்டிலை உவமையாக வைத்தார். இரையென்று கண்டது முள்ளாய் முடிவதை அங்கே எடுத்துக்காட்டினார். ஏமாறுவது மீன் மாத்திரமன்று என்பதே அவர் கருத்து. சிறுகண் வலையை இழுப்பவன் அன்றைக்கு நிறைந்த கூடையைக் காண்கின்றான். அடுத்த ஆண்டின் கடலை அவன் அக்கூடையிலேயே அள்ளிச் செல்வதை உணர்வதில்லை. அவன் கண்டது இரை, விழுங்கியது முள்.

மானிப்பாய் ஒரு காலத்தில், அந்நிய அறிவைத் தமிழிற் கற்றுத் தன்னதாக்கிக் கொண்ட ஊர். இன்று அதன் அருகேயுள்ள கடலில் அதற்கே உரிய அறிவு எழுதப்படாமற் கிடக்கின்றது. களங்கண்டி நாட்டும் முதியோர் கூறும் நீரோட்டக் கணக்கையும், மீன்களின் பெயர்களையும், இறால் வரும் பருவத்தையும் மாணவர் கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். கல்லுண்டாயின் ஓரத்தில் எஞ்சியுள்ள கண்டலையும் கடற்புல்லையும் ஊர்மன்றங்கள் தம் பொறுப்பென்று கொள்ளுதல் வேண்டும். குப்பைக்கு வேறிடம் தேடலாம். இறாற்குஞ்சுக்கு வேறு பரவைக்கடல் தேட முடியாது. இவை செய்யப்பட்டால், என்றேனும் ஒரு நாள், அந்நீரிலே முழங்காலளவில் நின்று பொய்யிறால் வீசும் ஒருவனுக்கு, அதனைக் கவ்வுதற்கு ஒரு கொடுவாய் அங்கே இருக்கும்.